குடலில் பிறவிப் பை, அதற்குள் கட்டி: ரிப்போர்ட் வந்ததும் என்ன செய்வது

அப்பெண்டிக்ஸ் என்று சந்தேகித்து ஒப்பரேஷன் செய்தார்கள். உள்ளே அப்பெண்டிக்ஸ் நன்றாகத்தான் இருந்தது. சற்றுத் தள்ளிச் சிறுகுடலில் வேறு ஏதோ தெரிந்தது, அதை வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் ‘மெக்கெல்ஸ் டைவர்ட்டிகுலம்’ என்று எழுதியிருக்கிறது; குடலில் பிறவியிலேயே உள்ள ஒரு பை அது. சில கிழமைகள் கழித்து வந்த பயோப்சி ரிப்போர்ட், அந்தப் பைக்குள் கட்டி என்கிறது. இப்படி ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வாட்டில் தாதி. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அங்கே தேயிலைப் பெக்டரியில் வேலை செய்யும் என் சின்ன மாமாவுக்கு இதே நோய் வந்தது. அதனால் நோயாளியோடு பஸ் ஏறி அலைந்த அனுபவமும் எனக்கு உண்டு. எங்கள் சனங்களில் பலர் தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ரிப்போர்ட் லேபிலேயே கிடக்கிறது. எனக்கு மனசு பதறுவது அங்கேதான்.

அந்தப் பை எப்படி வருகிறது

கர்ப்பத்தின் ஆரம்பத்தில் குழந்தையின் குடலையும் மஞ்சட்கருப் பையையும் ஒரு சிறு குழாய் இணைத்திருக்கும். ஐந்தாம் கிழமைக்கும் எட்டாம் கிழமைக்கும் இடையில் அது தானாக மறைந்துவிட வேண்டும். குடல் பக்கத்தில் ஒரு துண்டு மறையாமல் மிஞ்சினால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கையுறையின் விரல் போல ஒரு பை நிற்கும். அது எப்படி உண்டாகிறது என்பதை 1809இல் விளக்கியவர் யோஹான் ஃபிரீட்ரிக் மெக்கெல் என்ற ஜெர்மன் மருத்துவர். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். நூறு பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு இது இருக்கிறது. பெருங்குடல் தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 2 அடி மேலே, சுமார் 2 அங்குல நீளத்தில் இருக்கும். பெரும்பாலானவர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் நன்றாக வாழ்ந்துவிடுகிறார்கள்.

சிலருக்கு அந்தப் பைக்குள் இரைப்பையின் உட்சவ்வோ கணையத் திசுவோ இருக்கும். இரைப்பைச் சவ்வு அமிலம் சுரக்கும், பக்கத்துக் குடல் புண்ணாகும், இரத்தம் கசியும். சின்னப் பிள்ளைகளுக்கு வலியே இல்லாமல் மலத்தோடு நிறைய இரத்தம் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். கட்டி இதையெல்லாம் விட அரிது. மெக்கெல் பைகளில் 0.5 முதல் 3.2 வீதம் வரையில்தான் கட்டி இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதனால் ஸ்கேனில் தற்செயலாகப் பை தெரிந்தது, ஒரு தொந்தரவும் இல்லை என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எடுப்பதா விடுவதா என்பதை வயதையும் உடல்நிலையையும் பார்த்துச் சத்திரசிகிச்சை நிபுணர் சொல்வார்.

குடல் இரட்டிப்பு என்று இன்னொரு பிறவிக் கோளாறும் உண்டு. குடலோடு ஒட்டி, அதே சுவரையும் அதே இரத்தக் குழாய்களையும் பங்குபோட்டுக்கொண்டு இன்னொரு பையோ குழாயோ இருக்கும். பெரும்பாலும் சிறு வயதிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் வளர்ந்தவர்களில் மிக அரிதாக அதற்குள்ளும் புற்றுநோய் வரும். கீழே சொல்லும் பல விஷயங்கள் அவர்களுக்கும் பொருந்தும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத அறிகுறிகள்

இந்தக் கட்டிக்கென்று தனி அடையாளம் கிடையாது. அதனால்தான் அப்பெண்டிக்ஸ் போலவோ, குடல் அடைப்புப் போலவோ, இரத்தசோகை போலவோ வந்து நிற்கிறது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் பேதி மருந்தும் விளக்கெண்ணெயும் கொடுக்காதீர்கள். வலி ஊசி போட்டுச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்து வாசல்வரை வண்டி வராத இடமாக இருந்தால், அது ஏறி வருவதற்குள் நோயாளியை மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இரத்தசோகையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண் களைப்பாக இருக்கிறது என்று டிஸ்பென்சரிக்குப் போனால் இரும்புச்சத்துக் குளிசை தருவார்கள். பெரும்பாலும் அது சரியான மருந்துதான். ஆனால் மாதக்கணக்கில் குளிசை போட்டும் இரத்த அளவு ஏறவில்லை என்றாலோ, ஆண் ஒருவருக்குக் காரணமில்லாமல் இரத்தம் குறைந்தாலோ, வயிற்றுக்குள் எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரும்புக் குளிசை போட்டாலும் மலம் கறுக்கும். தார் போல ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது இரத்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒப்பரேஷன் முடிந்த கையோடு

வீட்டுக்கு விடுவதற்கு முன் டாக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு டயக்னோசிஸ் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். பையை மட்டும் வெட்டினார்களா, அதோடு சேர்த்துக் குடலில் ஒரு துண்டையும் எடுத்தார்களா? கட்டி முழுதாக வந்ததா, உள்ளே உடைந்ததா? வெட்டியெடுத்த சதை எந்த லேபுக்குப் போனது, அதன் இலக்கம் என்ன?

முதல் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. கட்டி என்று தெரியாமல் பையை மட்டும் எடுத்திருந்தால், ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு பக்கத்துக் குடலையும் அதைச் சேர்ந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க இன்னொரு ஒப்பரேஷன் தேவைப்படலாம். முதல் டாக்டர் பிழை விட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை. வயிற்றைத் திறந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாததை நுணுக்குக்காட்டிதான் பிறகு காட்டுகிறது. இரண்டாவது கேள்வி ஜிஸ்ட் என்ற வகைக் கட்டிக்கு உயிர்க்கேள்வி. உடைந்த கட்டி திரும்ப வரும் வாய்ப்பு மிகவும் கூடுதல்.

சில இடங்களில் சதையைப் போத்தலில் போட்டு, வெளி லேபில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று வீட்டார் கையில் தருவார்கள். போத்தலில் இருப்பது ஃபோர்மலின். சதை முழுதாக அதற்குள் மூழ்கியிருக்க வேண்டும். குறைவாக இருக்கிறது என்று தண்ணீரோ ஸ்பிரிட்டோ ஊற்றிவிடாதீர்கள். வாட்டிலேயே கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். பெயரும் வாட் இலக்கமும் மூடியில் இல்லாமல் போத்தலின் உடம்பில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மூடி மாறிப்போகும். இரண்டு பொலித்தீன் பைகளில் போட்டு நிமிர்த்திக் கொண்டுபோங்கள். ஐஸில் வைக்கக் கூடாது, திறந்து முகர்ந்து பார்க்கவும் கூடாது. அன்றைக்கே லேபில் கொடுத்து, துண்டு வாங்கி, அந்தத் துண்டைப் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வர சில கிழமைகள் ஆகும். கிளினிக் திகதிவரை காத்திருந்து, அன்றைக்குப் போய் ‘இன்னும் வரவில்லை’ என்ற பதிலோடு திரும்புவது எத்தனையோ பேருக்கு நடக்கிறது. ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய கூலியும் போய், பஸ் காசும் போகிறது. முன்கூட்டியே இலக்கத்தைச் சொல்லிப் போன் பண்ணிக் கேளுங்கள். போனில் முடிவைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் வந்துவிட்டதா என்று சொல்வார்கள். அது போதும். மாமாவின் ரிப்போர்ட் வந்து லேபில் கிடந்தது, யாரும் எடுத்துப் பைலில் வைக்கவில்லை. இலக்கம் கையில் இருந்தபடியால்தான் அத்தை போய் நின்று வாங்க முடிந்தது.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். தெரிந்தவர் ஒருவரை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை, தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சரும் போதும். முதலில் தேட வேண்டியது கட்டியின் வகை. லிப்போமா, லியோமயோமா என்றால் பெரும்பாலும் சாதுவான கட்டி, வெட்டியதோடு சரி. மற்ற மூன்று வகைகளுக்குத்தான் மேலே வேலை இருக்கிறது.

முதலாவது, நியூரோ எண்டோகிரைன் கட்டி. ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் வருவது. கார்சினாய்ட் என்ற பழைய பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. மெக்கெல் பைக்குள் வரும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காண்பது இதைத்தான். மெதுவாக வளரும், ஆனால் அளவில் சின்னதாக இருக்கும்போதே பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகக்கூடியது. ஆகவே ‘சின்னதுதானே’ என்று விட முடியாது. இதில் கேஐ 67 என்ற கணக்கைப் பாருங்கள். கட்டியில் நூற்றுக்கு எத்தனை கலங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று அது காட்டும். 3 வீதத்துக்குக் குறைந்தால் முதலாம் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், 20க்கு மேல் மூன்றாம் தரம். தரம் கூடக்கூட வேகமாக வளரும் கட்டி.

இரண்டாவது ஜிஸ்ட். குடற்சுவரின் தசையடுக்கில், குடலின் அசைவை ஒழுங்குபடுத்தும் கலங்களோடு சம்பந்தப்பட்டது. சிடி 117, டாக் 1 என்ற இரண்டு சோதனைகள் பொசிட்டிவ் என்று இருக்கும். இதில் பார்க்க வேண்டியது கட்டியின் அளவு எத்தனை சென்டிமீட்டர், மைட்டோசிஸ் எத்தனை, உடைந்ததா என்பவை. மைட்டோசிஸ் என்றால் பிரிந்துகொண்டிருக்கும் கலங்களின் எண்ணிக்கை. 5 சதுர மில்லிமீட்டரில் 5க்கு மேலா கீழா என்பது முக்கிய எல்லை. அளவில் 2, 5, 10 சென்டிமீட்டர் என்பவை எல்லைகள். ஒரே அளவுள்ள கட்டியாக இருந்தாலும் இரைப்பையில் வருவதைவிடச் சிறுகுடலில் வருவதற்கு ஆபத்துக் கூடுதல். இணையத்தில் இரைப்பை ஜிஸ்ட் பற்றி வாசித்துவிட்டு நமக்கும் அதே கணக்கு என்று ஆறுதல்பட்டு இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது அடினோகார்சினோமா. உட்சவ்வின் சுரப்பிக் கலங்களில் தொடங்கும் புற்றுநோய். அரிது, ஆனால் மூன்றிலும் மோசமானது. இந்தச் சொல் இருந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே ரிப்போர்ட்டோடு வாட்டுக்கே போய், சம்பந்தப்பட்ட டாக்டரைப் பாருங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் ‘மார்ஜின்’ என்று ஒரு வரி இருக்கும். வெட்டிய ஓரத்தில் கட்டி இல்லை என்று எழுதியிருந்தால் நல்லது. இருக்கிறது என்றாலோ, அந்த வரியே இல்லை என்றாலோ, டாக்டரிடம் அதை விரலால் தொட்டுக் காட்டிக் கேளுங்கள்.

மாமாவுக்கு வந்தது ஜிஸ்ட். 6 சென்டிமீட்டர், மைட்டோசிஸ் 5க்கு மேல், ஓரம் சுத்தம், உடையவில்லை. ஆபத்துக் கூடிய பிரிவு. கண்டிக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னதும் கேட்டார்:

“ஏ பாப்பா, வெட்டி எடுத்தாச்சுன்னுதானே சொன்னாங்க? அப்பறம் எதுக்கு அவ்வளவு தூரம்?”

“எடுத்தது போச்சு மாமா. திரும்ப வராம இருக்க மருந்து இருக்கு. அதை அங்கதான் குடுப்பாங்க.”

இவ்வளவுதான் சொன்னேன். வீட்டில் பலர் நோயாளியிடம் ஒன்றும் சொல்லாமல் மறைக்கிறார்கள். வருஷக்கணக்கில் மருந்து போட வேண்டியவருக்கு எதற்காகப் போடுகிறோம் என்று தெரியாவிட்டால், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் நிறுத்திவிடுவார். சின்னச் சொற்களில், உண்மையை அவரிடமே சொல்லுங்கள்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

அரசாங்கப் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பதுளையிலும் உண்டு. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை நாட்டின் பிரதான புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தவர்களுக்கு நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி வசதி. ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்குப் பதுளை. மஹரகமதான் நல்லது என்று கடன் வாங்கி வான் பிடித்து ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். பல வருஷம் திரும்பத் திரும்பப் போக வேண்டிய நோய் இது. போய்வர முடிகிற இடத்தில் பதிவதுதான் என் அபிப்பிராயம். மஹரகமவுக்குப் போக வேண்டிய தேவை வந்தால் அவர்களே கடிதம் தந்து அனுப்புவார்கள்.

டயக்னோசிஸ் கார்ட், பயோப்சி ரிப்போர்ட்டின் மூலப்பிரதி, ஸ்கேன் படங்கள், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, ஒப்பரேஷன் செய்த டாக்டரின் கடிதம் எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் போட்டோப்பிரதி ஒன்று வீட்டில் வையுங்கள். லயத்தில் கூரை ஒழுகும் வீடாக இருந்தால் பைலைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் மை கரைந்த ரிப்போர்ட்டோடு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ‘புளொக் கொண்டுவாங்கள்’ என்று சொல்லலாம். சதையை மெழுகில் பதித்து, பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டி, முதல் லேபில் வைத்திருப்பார்கள். அதுதான் புளொக். ஜிஸ்ட்டில் கிட் என்ற மரபணுவைச் சோதிக்கவும், சந்தேகமான ரிப்போர்ட்டை இன்னொரு நிபுணர் பார்க்கவும் அது வேண்டும். கடிதம் கொடுத்தால் லேபில் தருவார்கள், கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கையளவு கூட இல்லாத அந்தத் துண்டு போனால் திரும்பக் கிடைக்காது. பஞ்சு சுற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பைக்குள் வையுங்கள். பஸ்ஸில் இஞ்சின் மூடிமேலோ வெயில் அடிக்கும் கண்ணாடிப் பக்கத்திலோ வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

மருந்தும் சோதனைகளும்

ஆபத்துக் கூடிய ஜிஸ்ட்டுக்கு இமாட்டினிப் என்ற குளிசை. வழக்கமாக நாளுக்கு 400 மில்லிகிராம், 3 வருஷம். சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர் விட்டுக் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீங்குவது அடிக்கடி வரும் பக்கவிளைவு. மாமா பயந்துபோய்க் குளிசையை நிறுத்தப் பார்த்தார்; அத்தை விடவில்லை. நிறுத்துவதா குறைப்பதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் இந்த மருந்து போடும் காலத்தில் கர்ப்பமாகக் கூடாது. கூச்சப்படாமல் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். நாட்டு மருந்து, மூலிகைக் கசாயம் எதைச் சேர்த்தாலும் கிளினிக்கில் சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடைசிக் குளிசைவரை காத்திருக்காதீர்கள், இரண்டு கிழமை முன்னாலேயே அடுத்த தொகைக்குக் கேளுங்கள்.

நியூரோ எண்டோகிரைன் கட்டிக்கு 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை ஒன்று எழுதுவார்கள். கட்டி செரோட்டோனின் என்ற இரசாயனத்தைச் சுரக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, அவகாடோ, தக்காளி, கத்தரிக்காய் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் கணக்குக் கூடிக் காட்டும். எங்கள் பக்கம் இவை எல்லாம் வாசலிலும் சந்தையிலும் கிடைக்கிறவை, சமைக்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகு வருவதை எல்லாம், மறுநாள் காலை முதல் சிறுநீரும் உட்பட, லேப் தந்த கேனில் சேர்க்க வேண்டும். கேனுக்குள் அமிலம் இருக்கக்கூடும். கழுவிவிடாதீர்கள், பிள்ளைகள் கையில் படாமல், வெளிச்சம் படாத குளிர்ந்த மூலையில் வையுங்கள். குரோமோகிரானின் என்ற இரத்தச் சோதனை எழுதினால், கேஸ்ட்ரைட்டிஸுக்கு ஒமெப்ரசோல் போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்தக் குளிசையும் கணக்கைக் கூட்டும். முகம் திடீரென்று சிவந்து சூடாவதும், கூடவே அடிக்கடி வயிற்றோட்டமும் இருந்தால் திகதி பார்க்காமல் போங்கள். கட்டி ஈரலுக்குப் போயிருக்கும்போது வரும் அடையாளம் அது.

தொடர்ந்து சீடீ ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ஜிஸ்ட்டுக்கு மருந்து முடிந்த பிறகுள்ள சில வருஷங்கள் கவனமான காலம். நியூரோ எண்டோகிரைன் கட்டி பத்து வருஷம் கழித்தும் திரும்பலாம். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதும் போக வேண்டும். வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கிளினிக்கில் மருத்துவச் சான்றிதழ் கேட்டு வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். பண உதவிக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கான மருத்துவ உதவி விண்ணப்பத்தைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம். பில்லுக்குப் பிறகு போவதைவிடச் செலவு வரும் முன்னால் போவது நல்லது.

பிள்ளைகளுக்கும் இருக்குமா என்று கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். மாமாவின் மகளும் கேட்டாள். மெக்கெல் பை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, அதனால் குடும்பத்தில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. ஒரே ஆளுக்குப் பல ஜிஸ்ட் கட்டிகள் இருந்தாலோ, உடம்பில் பால் கோப்பி நிறத்தில் நிறையத் திட்டுகள் பிறப்பிலிருந்தே இருந்தாலோ, நெருங்கிய சொந்தத்தில் இன்னொருவருக்கும் ஜிஸ்ட் வந்திருந்தாலோ மட்டும் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். மற்றபடி, பிள்ளைக்கு ஒப்பரேஷனோ கடுமையான வயிற்றுவலியோ எப்போதாவது வந்தால், ‘அப்பாவுக்கு மெக்கெல் இருந்தது’ என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.